தொட்டால் என்ன என்று கேட்டீர்கள்: கறுப்பினச் சிறுமியும் அவள் தலைமுடியும்

கேள்வி: அமெரிக்காவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏழு வயது மகளுக்கு வகுப்பில் மிக நெருங்கிய தோழி ஒரு கறுப்பினச் சிறுமி. எப்போதும் பின்னலோடு வருகிறவள், ஒருநாள் முடியை அப்படியே விரித்துவிட்டு வந்திருக்கிறாள். என் மகள் ஆசையாகக் கையை விட்டு, "பஞ்சு மாதிரி இருக்கே" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அழுதுவிட்டாள். மறுநாள் அவள் அம்மா என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் முகம் சரியில்லை. நம் ஊரில் பெண்பிள்ளைகள் ஒருத்தி தலையை ஒருத்தி தொடுவது சகஜம்தானே? முடிக்குப் போய் ஏன் இவ்வளவு வருத்தம்?

பதில்:

முதலில், மகளைத் திட்டாதீர்கள். ஏழு வயதில் கைதான் முந்தும். அவள் சொன்னது பாராட்டு என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சிறுமி அழுததிலும் ஆச்சரியமில்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கும்.

நான் ஜார்ஜியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் வாசிப்பு சொல்லித்தருகிறேன். என் வகுப்புகளில் பாதிக்கு மேல் கறுப்பினக் குழந்தைகள். வழக்கமாகப் பின்னலோடு வருகிற பெண் முதல் தடவை முடியைத் திறந்துவிட்டு வரும் காலை எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். வாசலில் ஒரு நொடி நிற்பாள். யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று கண்ணாலேயே அறையை ஒரு சுற்று அளப்பாள். "அழகா இருக்கே" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவளைப் பிடிக்க முடியாது. யாராவது சிரித்துவிட்டால் சட்டையோடு இருக்கும் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், மதியம் வரை பேச்சு வராது. விரித்த முடியோடு பள்ளிக்குப் போவதா வேண்டாமா என்று முந்தின இரவு அந்த வீட்டில் ஒரு பேச்சு நடந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலையில் முன்பின் தெரியாதவர்கள் கேட்காமல் கையை விட்டிருப்பதும் அனேகமாக அது முதல் தடவையாக இருந்திருக்காது. கடை வரிசையில், லிஃப்டில், விமான நிலையத்தில் இப்படி நடப்பதைச் சொல்லாத கறுப்பினப் பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை.

முடியைப் பற்றியே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்களிடம் இதில் தப்பான நம்பிக்கைகள் நிறைய. நெருக்கமாகச் சுருளும் முடியின் வேர்க்கால் தோலுக்கு அடியிலேயே வளைந்திருக்கும். இழையின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அதனால் ஒவ்வோர் இழையும் ஸ்பிரிங்காகத் திரும்பித் திரும்பி வளர்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கி நுனிவரை போய்விடும். இந்தச் சுருள்களில் அது இறங்காது, ஆகவே முடி எந்நேரமும் வறட்சிதான். இழை திரும்புகிற இடமெல்லாம் ஒடியக்கூடிய இடம். காய்ந்த தலையில் சீப்பைப் போட்டு இழுத்தால் அங்கேதான் ஒடிகிறது. வாரம் ஒரு தடவை, சில வீடுகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அலசுகிறார்கள் என்றால் அது சோம்பலும் இல்லை, அழுக்கும் இல்லை. தினமும் தலைக்குக் குளித்தால் அந்த முடி தாங்காது. அப்புறம், "அவங்களுக்கு முடியே வளராது" என்பது சுத்தப் பொய். நனைந்திருக்கும்போது தோளைத் தொடும் முடி காய்ந்ததும் சுருங்கிக் காதுக்கு மேலே போய் நிற்கும். நாம் பார்ப்பது அந்தச் சுருங்கின நீளத்தை.

இனி அந்தத் தலை அலசும் நாள். "வாஷ் டே" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் சனி அல்லது ஞாயிறு. அம்மா சோபாவில், மகள் கீழே அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில், எதிரே டிவி. முடியை நாலாக, எட்டாகப் பிரித்துக் கிளிப் போட்டு, தண்ணீர் தெளித்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். வேரிலிருந்து இழுக்கக் கூடாது. பிறகு வால்சீப்பால் வகிடு எடுத்து, எண்ணெய் வைத்து, தலையோடு ஒட்டிய கார்ன்ரோவோ தனித்தனியான பாக்ஸ் பிரெய்டோ பின்னி, நுனியில் பாசி கோக்க வேண்டும். அடர்த்தியான முடியென்றால் அரை நாள் போய்விடும். இரவில் முடி கலையாமலும் காயாமலும் இருக்க சாட்டின் துணியில் பானெட் என்ற தொப்பியைப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். காதை மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வது, நெளிகிற பிள்ளையின் தோளில் சீப்பால் ஒரு தட்டு, நடுவில் பாட்டியின் போன், பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் இதில் அடக்கம். வளர்ந்த பெண்கள் இதைச் சொல்லும்போது குரல் கனிந்துவிடும். அம்மா தன்னை மட்டுமே கவனித்த நேரம் அது. ஆனால் அதே தரையில் உட்கார்ந்துதான் தன் முடியைப் பற்றிய முதல் தீர்ப்பையும் அவள் கேட்கிறாள். "உன் முடியோட என்னால மல்லுக்கட்ட முடியல." "உங்க சித்தி பொண்ணுக்கு நல்ல முடி." நல்ல முடி என்றால் தளர்ந்த சுருள், நேர்முடிக்குக் கிட்டத்தட்ட வருவது. தன் முடி எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லாமலே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இதைக் கேட்டு அந்த அம்மாக்களைக் குறை சொல்லத் தோன்றும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச காலம் இவர்களோடு பழகிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மகள் வாசலைத் தாண்டியதும் என்ன நடக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். வெளியே போட்டிருக்கும் சட்டத்தை வீட்டுக்குள் அமல்படுத்துகிற வேலை அவள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளை வெளியே அவமானப்படக் கூடாது என்று உள்ளே இழுத்துப் பின்னுகிறாள். வலிப்பது அன்பின் கையால் என்பதால்தான் அந்த நினைவு இத்தனை ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

சட்டம் என்று நான் சொன்னது பேச்சுக்காக இல்லை. 1786-ல் லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஓர் உத்தரவு போட்டார். அடிமையல்லாத கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலையில் ஆடம்பர அலங்காரம் செய்துகொள்ளக் கூடாது, டிக்னான் என்ற துணியால் முடியைக் கட்டி மூட வேண்டும் என்று. நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் விலையுயர்ந்த வண்ணத் துணியில் அதை அமர்க்களமாகக் கட்டி அதையே நாகரிகமாக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. அதற்கும் முன்னால், பின்னால் எல்லாம் அடிமைத் தோட்டங்கள். அங்கே வாரம் முழுக்கத் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு வயலில் நின்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தலைவாரும் நாள், ஆட்டுக்கம்பளியைச் சிக்கெடுக்கும் முள்சீப்புதான் சீப்பு.

அடிமைமுறை ஒழிந்த பிறகு வேலை, பள்ளி, தேவாலயம் எல்லா இடத்திலும் "ஒழுங்கான தோற்றம்" என்றால் நேர்முடி என்றாகிவிட்டது. இந்த இடத்தில் மேடம் சி. ஜே. வாக்கரின் பெயரை எல்லாரும் சொல்வார்கள். 1867-ல் லூசியானாவில் பிறந்தவர், சொந்தப் பெயர் சாரா பிரீட்லவ். துணி வெளுத்துப் பிழைத்தவர், தலைத்தோல் நோயில் முடி கொட்டியதிலிருந்து தொடங்கி ஒரு பெரிய தொழிலையே எழுப்பினார். பழுக்கக் காய்ச்சும் இரும்புச் சீப்பை அவர்தான் கண்டுபிடித்தார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது உண்மையில்லை, சீப்பு அவருக்கு முன்பே இருந்தது. தான் விற்பது முடி வளரும் மருந்து, முடியை நேராக்கும் வித்தை இல்லை என்று அவர் கடைசிவரை வாதாடினார். அவருக்கு முன்பே அதே தொழிலில் இறங்கிய ஆனி டர்ன்போ மலோனிடம் விற்பனையாளராக இருந்துதான் வாக்கர் தொழில் கற்றார். மலோனை இன்று அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை, அது எனக்கு ஒரு குறை.

அந்த இரும்புச் சீப்பு ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அடுப்பின் மேல் இருக்கும். எண்ணெய் தடவிய முடியில் வைத்ததும் சீறும், புகையும், கருகல் வாடை வரும். பிள்ளை காதை மடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். நெற்றியோரத்தில், காது மடலில் சூட்டுத் தழும்பு வாங்கின பாட்டிமார் இங்கே ஏராளம். இவ்வளவும் பட்டு, ஒரு மழையில் நனைந்தாலோ விளையாடி வியர்த்தாலோ முடி பழையபடி சுருண்டுகொள்ளும். ஆகவே மழையில் நிற்காதே, ஓடாதே, நீச்சல் குளத்தில் இறங்காதே.

இதற்கு விடிவாக வந்தது ரிலாக்சர், முடியை நேராக்க மேலே தடவும் ரசாயனப் பசை. சிகாகோவில் 1954-ல் தொடங்கிய ஜான்சன் ப்ராடக்ட்ஸ் போன்ற கறுப்பினரின் நிறுவனங்களே இதில் பெரிதாக வளர்ந்தன. பொருள் என்னவென்றால் சோடியம் ஹைட்ராக்சைடு, நம் ஊர்க் காஸ்டிக் சோடா. முடிக்கு உருவத்தைத் தருகிற கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடும், உடைந்தது திரும்ப ஒட்டாது. தோலில் அதிக நேரம் நின்றால் வெந்துபோகும். முந்தின நாள் தலையைச் சொறிந்திருந்தால் அந்தக் கீறலில் நெருப்பாக எரியும். வேரில் புது முடி சுருளாகவே வரும் என்பதால் ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். 1990-களில் சிரிக்கிற சிறுமிகளின் படம் போட்ட பெட்டிகளில் குழந்தைகளுக்கென்றே இது விற்பனைக்கு வந்தது. ஐந்தாறு வயதிலேயே தொடங்கிய வீடுகள் நிறைய. "எரியுதும்மா" என்று பிள்ளை சொல்ல, "இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோ" என்று அம்மா சொன்ன அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு குழந்தை தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. 35 முதல் 74 வயது வரையிலான 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தது. முடியை நேராக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் அது வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், ஆண்டுக்கு நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணித்தார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபித்த ஆய்வு அல்ல. அப்படியும் அதன் பிறகு நிறுவனங்கள்மீது வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்துவிட்டன, சிகாகோவின் மத்திய நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்த்து நடக்கின்றன. எனக்குத் தெரிந்த அம்மாக்கள் பலரிடம் இந்தச் செய்தி கோபத்தைவிடக் குற்ற உணர்வைத்தான் அதிகம் கிளப்பியது. தன் கையாலேயே பிள்ளைக்குத் தடவியது அல்லவா.

பள்ளிகள் என்ன செய்தன? 2017-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் ஊரில் ஒரு சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துவது), செயற்கை முடி சேர்த்துப் பின்னிக்கொண்டு வந்த இரட்டைச் சகோதரிகளைத் தண்டித்தது. விளையாட்டு அணியிலிருந்து நீக்கினார்கள், ஆண்டுவிழா நடனத்துக்கு வரக்கூடாது என்றார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்ட பிறகுதான் விதி நின்றது. 2021-ல் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் சாப்ட்பால் ஆட்டத்தின் நடுவே ஒரு பள்ளி மாணவியின் பின்னலிலிருந்த பாசிகளை அகற்றச் சொன்னார்கள், சக ஆட்டக்காரிகள் அங்கேயே அவள் முடியைக் கத்தரித்துப் பாசியை எடுத்தார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1999 ஆஸ்திரேலிய ஓபனில் டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸின் பாசிகள் அறுந்து மைதானத்தில் விழுந்ததற்கு நடுவர் ஒரு புள்ளியைப் பறித்தார். அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்த சிறுமிகள் எத்தனை பேர் தங்கள் பாசியைத் தொட்டுப் பார்த்திருப்பார்களோ.

இது அமெரிக்காவோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் ஒருவர் எந்த இனம் என்று முடிவு செய்ய முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு இனம். ஒரே குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் இரண்டாகப் பிரிந்ததுண்டு. அந்த ஆட்சி போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 2016 ஆகஸ்டில், பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், பின்னாமல் வட்டமாக விரித்துவிட்ட ஆஃப்ரோ முடியைச் "சரிசெய்ய"ச் சொன்னார்கள். மாணவிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். முன்னால் நின்ற ஜுலைகா படேலுக்கு வயது 13. பாதுகாவலர்களுக்கு முன்னால் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்தி அவள் நிற்கும் படத்தைத் தேடிப் பாருங்கள்.

அமெரிக்காவில் 2019 ஜூலையில் கலிபோர்னியா முதன்முதலாக க்ரவுன் சட்டத்தை நிறைவேற்றியது. முடியின் தன்மையையும் பின்னல், லாக்ஸ் (சடைசடையாகத் திரித்து வளர்ப்பது), ட்விஸ்ட் (இரண்டிழையாக முறுக்குவது) போன்ற அலங்காரங்களையும் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ பாகுபாடு செய்யக் கூடாது என்பது அதன் சாரம். இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. நாடு முழுமைக்குமான மசோதா 2022-ல் பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது, செனட்டில் நின்றுவிட்டது. சட்டம் வந்தாலும் ஓட்டை உண்டு. டெக்சாஸில் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் ஒரு மாணவன் லாக்ஸ் முடிக்காக மாதக்கணக்கில் வகுப்புக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டான். சட்டம் முடியின் வகையைத்தான் காக்கிறது, நீளத்தை இல்லை என்று 2024 பிப்ரவரியில் அங்கே ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார்.

இந்தச் சட்டத்துக்கு முன்னின்று பணம் போட்டவர்களில் ஒருவர் டவ் சோப்பு. 2021-ல் அவர்கள் எடுத்த ஆய்வில், வெள்ளையர் அதிகமுள்ள பள்ளிகளில் படிக்கும் கறுப்பினச் சிறுமிகளில் 66 சதவீதம் பேர் முடிக்காகப் பாகுபாடு அனுபவித்ததாகச் சொன்னார்கள். எல்லாப் பள்ளிகளையும் சேர்த்தால் 45 சதவீதம். எண்கள் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகின்றன, ஆனால் ஷாம்பு விற்கிறவர் எடுத்த ஆய்வு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டவ்வின் தாய் நிறுவனம் யூனிலீவர். அதே நிறுவனம்தான் நம் ஊரில் பல பத்தாண்டுகள் ஃபேர் அண்ட் லவ்லி விற்று, 2020-ல் பெயரை மட்டும் குளோ அண்ட் லவ்லி என்று மாற்றியது. இங்கே சுருள்முடியைக் கொண்டாடும் கையும் அங்கே சிவப்பழகை விற்ற கையும் ஒன்றே.

இப்போது தன்னைப் பற்றிய எண்ணத்துக்கு வருகிறேன். இங்கே பலரும் வழுக்குகிறார்கள். 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதி 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டினார்கள். பழுப்பு நிறப் பொம்மைக்குக் கறுப்பு முடி, வெள்ளைப் பொம்மைக்கு மஞ்சள் முடி, மற்றபடி அச்சு ஒன்றே. எதோடு விளையாடப் பிடிக்கும் என்று கேட்டால் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். எது உன்னைப் போல் இருக்கிறது என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடினார்கள். 1954-ல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரௌன் வழக்கில் இந்த ஆய்வும் எடுத்தாளப்பட்டது.

இதைப் படித்துவிட்டுக் கறுப்பினச் சிறுமிகள் எல்லாரும் தங்களை வெறுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1991-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் வெளியிட்ட ஆய்வில், "நான் இருக்கிறபடியே எனக்கு மகிழ்ச்சி" என்று சொன்ன உயர்நிலைப் பள்ளி மாணவிகள் வெள்ளையரில் 22 சதவீதம், கறுப்பினத்தவரில் 58 சதவீதம். பின்னால் வந்த பெரிய தொகுப்பாய்வுகளும் தன்மதிப்பில் கறுப்பினப் பிள்ளைகள் முந்தியிருப்பதையே காட்டின. பரிதாபப்பட வருகிறவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. எனக்கு இல்லை. அம்மா, பாட்டி, அத்தை, தேவாலயத்துப் பெரியம்மாக்கள் எல்லாரும் "வெளியே சொல்றதைக் கேட்காதே, நீ அழகி" என்று விடாமல் சொல்லி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். மொத்தத்தில் திடமாக நிற்கிற பெண்ணுக்கும் முடி என்கிற ஒரு இடத்தில் மட்டும் புண் ஆறாமல் இருப்பது உண்டு, ஏனென்றால் அந்த ஒரு விஷயத்தில் வீடும் வெளியுலகமும் ஒரே மாதிரிப் பேசிவிட்டன.

அது மாறத் தொடங்கியிருக்கிறது. 1960-களில் நியூயார்க்கின் ஹார்லெமில் தொடங்கி ஆஃப்ரோ அரசியல் அடையாளமாகவே நிமிர்ந்து நின்றது, பிறகு அடங்கியது. 2000-களின் இறுதியில் யூடியூபில் பெண்கள் ஒருவருக்கொருவர் தங்கள் முடியைப் பராமரிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். பாட்டியும் அம்மாவும் நேராக்கியே பழகியதால் தன் முடி இயல்பில் எப்படி இருக்கும் என்றே தெரியாத பெண்கள் அவர்கள். ரிலாக்சர் போட்ட பகுதியை ஒட்ட வெட்டிவிட்டு முதலிலிருந்து வளர்த்தார்கள். 2008-க்கும் 2013-க்கும் இடையில் ரிலாக்சர் விற்பனை கால் பங்கு விழுந்தது. 2010 அக்டோபரில் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் பழுப்பு நிறச் சிறுமி பொம்மை ஒன்று தன் முடியைப் பிடித்திருக்கிறது என்று பாடி ஆடியது. எழுதியவர் ஒரு வெள்ளைக்காரர், எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுத்த தன் மகள் நீளமான பொன்னிற முடி வேண்டும் என்று ஏங்கியதைப் பார்த்து எழுதினார். பார்த்து அழுதவர்கள் குழந்தைகளைவிட அம்மாக்கள்தான்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். இயற்கை முடி இயக்கத்துக்குள்ளும் ஏணி உண்டு. முடியை நேரான 1ஏ-யிலிருந்து நெருக்கமாகச் சுருளும் 4சி வரை வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் தளர்ந்த 3-ஆம் வகைச் சுருள். மிக நெருக்கமான 4சி-க்காரச் சிறுமி, இயற்கையை நேசி என்று சொல்லும் விளம்பரத்திலும் தன்னைத் தேடவேண்டியிருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒட்டுமொத்தத் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் கேபி டக்ளஸ். பதினாறு வயது. அன்று சமூக வலைதளங்களில் பேச்சு, அவள் முடி சரியாக வாரப்படவில்லை என்று. பேசியவர்களில் கணிசமானோர் கறுப்பினப் பெண்களே.

வெளியாள் எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும் இது எத்தனை நுட்பமான இடம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1998-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு வெள்ளை ஆசிரியை, கறுப்பின எழுத்தாளர் ஒருவர் சுருள்முடியைக் கொண்டாடி எழுதிய படப்புத்தகத்தை வகுப்பில் வாசித்தார். குழந்தைகள் மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அதன் சில பக்கங்களின் நகல் மட்டும் ஊருக்குள் போக, கேலி செய்கிறார் என்று பெற்றோர் கொதித்தெழுந்து, கடைசியில் அவர் வேறு பள்ளிக்கு மாறிப் போனார். அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. கொதித்தவர்களையும் என்னால் முட்டாள்கள் என்று சொல்ல முடியவில்லை.

நமக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. திருப்பதியிலும் பழனியிலும் நாம் காணிக்கையாக இறக்கும் முடி ஏலம் போய், தரம் பிரித்து, சென்னையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஏற்றுமதியாகிறது. ஒரே திசையில் செதில் படிந்த அந்த நீள முடிக்கு விக், வீவ் (சொந்த முடியோடு சேர்த்துத் தைக்கும் முடி) சந்தையில் நல்ல விலை. வாங்குகிறவர்களில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் முக்கியமானவர்கள். உங்கள் மகளின் தோழியின் பின்னலில் சேர்ப்பது பெரும்பாலும் செயற்கை இழைதான். ஆனால் அவள் அத்தையோ பெரியம்மாவோ தலையில் வைத்திருப்பது நம் பக்கத்து முடியாகவே இருக்கலாம். சுருட்டை முடியோடு பிறந்த பிள்ளையைப் "பரட்டை" என்று கூப்பிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் பரட்டை முடி என்பதற்காக நம் ஊரில் யாரையும் பள்ளியை விட்டு அனுப்பியதாக நான் கேட்டதில்லை, அந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மகளிடம் பெரிய பிரசங்கம் வேண்டாம். "அவ தலை அவளோடது, கேட்காம தொடக் கூடாது, உனக்கும் அப்படித்தான்" என்றால் போதும். "சாரி" சொல்லச் சொல்லுங்கள், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். பஞ்சு, கம்பளி, காலிஃபிளவர் போன்ற உவமைகளை விட்டுவிட்டு, பிடித்திருந்தால் "உன் முடி எனக்குப் பிடிச்சிருக்கு" என்று நேராகச் சொல்லச் சொல்லுங்கள். பின்னலோடு வந்தால் ஒன்றும், விரித்து வந்தால் ஒன்றுமாக ஆச்சரியப்படாமல் இருப்பது இன்னும் நல்லது. இது உன் சொந்த முடியா, எவ்வளவு நாளாகத் தலைக்குக் குளிக்கவில்லை போன்ற கேள்விகள் உங்கள் வாயிலிருந்தும் வர வேண்டாம். நம்மில் பெரியவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறோம்.

அந்த அம்மாவிடம் சுருக்கமாகப் பேசுங்கள். "என் மகள் கேட்காமல் தொட்டுவிட்டாள், சொல்லிக்கொடுத்திருக்கிறேன், உங்கள் பெண் அன்று அழகாக வந்திருந்தாளாம்." அவ்வளவுதான். நம் ஊர் வழக்கத்தை விளக்கப் போகாதீர்கள், அது சமாதானம் போல இருக்காது, வாதம் போல இருக்கும். இரவு தங்க அவள் உங்கள் வீட்டுக்கு வந்தால் பானெட்டை எடுத்துக்கொண்டு வருவாள், உங்கள் மகள் சிரிக்காமல் இருக்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாசத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அந்தப் பின்னலில் அவள் அம்மாவின் அரை நாள் இருக்கிறது.

கோடையில் நீச்சல் குளத்தில் பிறந்தநாள் வைக்கிறீர்கள் என்றால் அழைப்பை இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்புங்கள். தண்ணீருக்குத் தோதான பின்னல் போட அந்த அம்மாவுக்கு ஒரு வாஷ் டே தேவைப்படும். நீச்சல் குளத்தில் மூழ்கி இறப்பது 10 முதல் 14 வயதுக் கறுப்பினப் பிள்ளைகளிடையே வெள்ளைப் பிள்ளைகளைவிட 7.6 மடங்கு அதிகம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். தலைமுறைகளாகக் கறுப்பினரைப் பொது நீச்சல் குளங்களுக்குள் அனுமதிக்காமல் வைத்திருந்ததுதான் பெரிய காரணம், முடி நனைந்துவிடும் என்ற பயமும் அதில் சேர்ந்துகொண்டது. அடர்ந்த முடி அடங்கும் பெரிய நீச்சல் தொப்பிகள் இப்போது கிடைக்கின்றன. 2021 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவற்றை அனுமதிக்க மறுத்த உலக நீச்சல் சம்மேளனம் அடுத்த ஆண்டே இறங்கிவந்து அனுமதித்தது. தொப்பியை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம், முடிக்கு எது சரி என்று அவள் அம்மாவுக்குத் தெரியும். தேதியையும், குளத்தில் இறங்கும் விருந்து என்பதையும் மட்டும் அழைப்பில் தெளிவாகப் போட்டுவிடுங்கள்.